விளம்பர உத்தியோகமும் சுயமரியாதைக்காரனும்

தென்காசிப் பக்கத்து இயக்கத் தோழர் ஒருவருடைய குமாரருக்குச் சென்னையிலுள்ள ஒரு விளம்பர ஏஜென்ஸியில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. 'ஜூனியர் காப்பி ரைட்டர்' என்பது உத்தியோகத்தின் பெயர். அதாவது விளம்பரங்களுக்கு வேண்டிய வாசகங்களை யோசித்து எழுதும் இலாகாவில் கடைசி நாற்காலி. இதைக் கேள்விப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் சிலர், "எஞ்சினீயருக்குப் படித்துவிட்டு விளம்பரம் எழுதுவதா? இதுவும் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டார்களாம். அது போகட்டும். நமது தோழர்களிலேயே இரண்டொருவர், "கூலிக்குப் பொய் சொல்லுவதுதானே அந்தத் தொழில்? பகுத்தறிவுக்காரன் வீட்டுப் பிள்ளை அதற்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. முதல் மாதச் சம்பளம் வந்தவுடன் அதுவே பதில் சொல்லிக்கொள்ளும். இரண்டாவது கேள்வி யோக்கியமான கேள்வி. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

போகலாம் என்பது நமது அபிப்பிராயம். போகலாம் என்பது மாத்திரமல்ல, நம்மவர்கள் அவசியம் போக வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம். ஆனால் எதைத் தெரிந்துகொண்டு போவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலாவதாக, பொய்யான விளம்பரம் என்பது ஏஜென்ஸிக்காரர்கள் வந்துதான் இந்த நாட்டில் ஆரம்பமாயிற்று என்று யாராவது நினைத்தால், அவர்கள் நமது ஊர்ப் பெயரையே ஒரு தடவை உச்சரித்துப் பார்க்கட்டும். 'தென்காசி' என்றால் என்ன? காசிக்குப் போக முடியாதவன் இங்கே வந்தால் போதும், அங்கே கிடைக்கிற சரக்கு இங்கேயும் கிடைக்கும் என்பது தவிர வேறென்ன? 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கோயிலைக் கட்டி, அதற்கு விசுவநாதர் என்று வடக்கே ஏற்கனவே செலாவணியில் இருந்த பெயரையே வைத்தான். பெயர் பெற்ற கடையின் பெயரைக் கிளைக்கடைக்கும் போட்டு வியாபாரம் செய்வதை இன்றைக்கு ஏஜென்ஸிகளில் பெரிய வித்தையாகச் சொல்லுகிறார்கள். நம்முடைய ஊரில் அது சுமார் 600 வருஷத்துப் பழைய சமாசாரம்.

மற்றொன்றையும் பாருங்கள். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலத்தின் மேல் அவர் பாடிய குறவஞ்சியைப் போல ஒரு ஊருக்கு விளம்பரம் செய்த நூல் தமிழில் அதிகமில்லை. தமிழ் அருமையான தமிழ் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த அருமையான தமிழ் யாருக்கு வேலை செய்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? குறத்தி வருகிறாள், முதலில் தன் மலையின் வளத்தைச் சொல்லிக் கேட்பவளை மயக்குகிறாள், பிறகு கையைப் பிடித்துக் குறி சொல்லுகிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். நல்லது நாலைச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, அந்த நம்பிக்கையின் முதுகில் சரக்கை ஏற்றி அனுப்பும் வழி இது. இன்றைக்குப் பற்பசை விற்பவனும் இதே வழியில்தான் போகிறான். கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னன் முத்துவிஜயரங்க சொக்கநாதன் நிலம் கொடுத்தான். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பெயர். ஆகவே, வாசகம் எழுதிக் கூலி வாங்குவது நமது ஜில்லாவுக்குப் புதிதுமல்ல, கேவலமுமல்ல. யாருக்காக, எதை நம்ப வைப்பதற்காக என்பதுதான் கேள்வி.

இனி அந்த உத்தியோகத்தில் உண்மையிலேயே என்ன வேலை என்பதைச் சொல்லுகிறோம். வியாபாரி ஏஜென்ஸிக்கு வந்து, இன்ன சாமான், இன்னாருக்கு விற்க வேண்டும் என்று சொல்லுவான். அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அதற்கு 'பிரீஃப்' என்று பெயர் வைப்பார்கள். வாசகம் எழுதுகிறவரும் படம் போடுகிறவரும் ஜோடியாக உட்கார்ந்து அதற்கு முப்பது யோசனைகள் சொல்லுவார்கள். மேலே இருப்பவர் இருபத்தெட்டைக் கிழித்துப் போடுவார். வியாபாரி மிச்சம் இரண்டையும் வேண்டாமென்பார். பிறகு இராத்திரி பதினோரு மணிக்கு மறுபடியும் ஆரம்பமாகும். இது தவிர, இன்றைக்குப் பத்திரிகை விளம்பரம் மாத்திரமல்லாமல், கைப்பேசியில் நாளொன்றுக்குப் பத்துத் தடவை வந்து போகும் துண்டுப் படங்களுக்கும் ஜூனியர்தான் எழுதியாக வேண்டும். புது யோசனையைவிடப் பொறுமை அதிகமாக வேண்டியிருக்கிற உத்தியோகம் இது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் பெரும்பகுதி பம்பாயிலும் டெல்லியிலும் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ யோசித்து முடிக்கப்படுகிறது. அந்தப் படத்திலுள்ளவர்களின் உதட்டசைவுக்குத் தகுந்தபடி தமிழ் வாயை மாட்டிவிடுவதுதான் நம் பிள்ளைக்குக் கொடுக்கப்படும் வேலை. அதனால்தான் தொலைக்காட்சியில் தமிழன் வீட்டுத் தாய், எந்தத் தாயும் பேசாத ஒரு பாஷையில் துணி சோப்பைப் பற்றிப் பேசுகிறாள். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக வைத்தபோது, பள்ளிக்கூட வாசலில் மறியல் செய்து அதை நிறுத்தினோம். இன்றைக்கு ஹிந்தியில் நினைத்த வாக்கியம் தமிழ் எழுத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்காருகிறபோது, அதற்குச் சட்டை தைத்துக் கொடுப்பவனாகவே நம் பிள்ளை காலம் தள்ளக் கூடாது. "தமிழ்நாட்டில் விற்பதற்குத் தமிழில் முதலிலிருந்து யோசிக்கிறேன், ஒரு தடவை விற்றுப் பாருங்கள்" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டால் வேலை போகாது. விற்றால் உத்தியோகமும் உயரும்.

நிற்க. இந்தத் தொழிலில் பகுத்தறிவுக்கு நேர் சம்பந்தமுள்ள ஒரு அம்சம் இருக்கிறது. அதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு விளம்பரக்காரர் இருந்தார். கணக்கெழுதும் வேலையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். 1923-இல் 'விஞ்ஞான விளம்பரம்' என்ற அர்த்தத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய முறை என்னவென்றால், ஒரே சாமானுக்கு இரண்டு விதமாக விளம்பரம் போட்டு, இரண்டிலும் வெவ்வேறு அடையாளமிட்ட கூப்பன் சீட்டு வைத்து, எந்தச் சீட்டு அதிகம் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணிக்கை சொல்லுவதுதான் முடிவு. முதலாளியின் அபிப்பிராயமுமல்ல, எழுதினவனின் கர்வமுமல்ல. தோழர்களே, இத்தனை ஆயிரம் வருஷமாக நேர்த்திக்கடன் வாங்குகிற எந்தக் கோயிலாவது, வேண்டிக்கொண்டவர்கள் இத்தனை பேர், பலித்தது இத்தனை பேருக்கு, வேண்டாமலே பலித்தது இத்தனை பேருக்கு என்று ஒரு கணக்கு எழுதியதுண்டா? சோப்பு விற்பவன் எண்ணிப் பார்க்கிறான். சொர்க்கம் விற்பவன் எண்ணுவதே இல்லை.

ஆனால் அதே ஹாப்கின்ஸின் பேனா மற்றொன்றையும் செய்தது. 'லிக்குவோஸோன்' என்று ஒரு சீசா மருந்து, கிருமிகளையெல்லாம் கொல்லும் என்று சொல்லி அமெரிக்கா முழுதும் விற்கப்பட்டது. அதற்கு விளம்பரம் எழுதினவரும் அவர்தான். 1905-இல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் ஒரு நிருபர் அந்த மாதிரி மருந்துகளின் யோக்கியதையை வெளிப்படுத்தினார். அந்தச் சீசாவில் இருந்தது ஏறக்குறைய எல்லாம் தண்ணீர், அதில் கொஞ்சம் திராவகம். மறுவருஷம் 1906-இல் அங்கே மருந்துச் சட்டமே வந்தது. எண்ணிப் பார்க்கிற புத்தியுள்ளவன்தான். எத்தனை சீசா விற்றது என்று மாத்திரம் எண்ணினான், எத்தனை பேர் குணமானார்கள் என்று எண்ணவில்லை. சாமர்த்தியம் வேறு, யோக்கியப் பொறுப்பு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இதைக் குற்றாலத்திலேயே பார்க்கலாம். சாரல் காலத்தில் அங்கே வருகிறவர்களிடம், அருவி நீர் மூலிகைகளைத் தழுவி வருவதால் சகல வியாதியும் தீரும் என்று அச்சடித்தும் சொல்லுகிறார்கள், வாயாலும் சொல்லுகிறார்கள். தண்ணீர் எந்த மூலிகையைத் தொட்டது, எவ்வளவு நேரம் தொட்டது, தலையில் விழுந்ததில் எத்தனை குன்றிமணி எடை மருந்து இருந்தது, எந்த வியாதிக்காரனுக்கு எத்தனை நாளில் தீர்ந்தது என்று கேட்டால், கேட்டவனைத்தான் நோயாளியாகப் பார்ப்பார்கள். குளிர்ந்த நீர் உயரத்திலிருந்து முதுகில் விழுந்தால் அலுப்புத் தீருகிறது, மனம் குளிருகிறது. இது உண்மை, இதுவே போதாதா? இந்த உண்மைக்கே லக்ஷக்கணக்கான பேர் வருவார்களே! பொய் எதற்கு?

பொய்யினால் நஷ்டமில்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்லுகிறோம். சித்தசுவாதீனமில்லாதவர்களை வைத்தியரிடம் கொண்டுபோகாமல் அருவியிலும் கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் இந்த நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொலைகாரர்களல்ல, பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள். 'இங்கே கொண்டுவந்தால் குணமாகும்' என்ற ஒரு வாசகத்தை நம்பினவர்கள். அந்த வாசகத்தை எழுதினது ஏஜென்ஸியல்லதான். ஆனால் வாசகம் எழுதப்போகிற எந்தப் பிள்ளையும் இதை மறக்கக் கூடாது.

சர்க்காரும் இதைத் தெரியாமலில்லை. 1954-இல் மருந்து, மந்திர நிவாரண விளம்பரங்களைப் பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். நீரிழிவு, புற்றுநோய், பைத்தியம், குருடு, செவிடு என்று 54 கோளாறுகளை ஒரு ஜாபிதாவாகப் போட்டு, இவைகளைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்றார்கள். தாயத்து, மந்திரம், கவசம் இவைகளையும் பெயர் சொல்லியே அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அப்படிப்பட்ட மருந்து விளம்பரத்தின் பிரசுரத்தில் 'எவ்விதப் பங்கும்' எடுக்கக் கூடாது என்பது சட்டத்தின் வார்த்தை. முதலாளி மாத்திரமல்ல, கடைசி நாற்காலியும் அதற்குள் வந்துவிடுகிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை தண்டனை என்று எழுதினார்கள். சட்டம் இருந்தும் நடந்தது என்ன? வைத்தியர்கள் சங்கம் 2022-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2024-இல்தான் பதஞ்சலி கம்பெனி தனது விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் போட்டது! விளம்பரத்துக்கும் காசு, மன்னிப்புக்கும் காசு. பத்திரிகைக்காரர்களுக்கு இரண்டு விதத்திலும் வரும்படி. அந்த வாசகங்களை எழுதின கைகள் எவை என்று மாத்திரம் யாரும் கேட்கவில்லை.

வியாதி விஷயம் இப்படி. சட்டம் தொடாத புரட்டும் இருக்கிறது, அதுதான் கஷ்டமானது. அக்ஷய திருதியை என்று ஒரு நாள். ஐம்பது வருஷத்துக்கு முன் கீழப்பாவூரிலோ கடையநல்லூரிலோ உழுகிறவன் வீட்டிலும் நெய்கிறவன் வீட்டிலும் இந்தப் பெயரை யார் அறிவார்? பஞ்சாங்கத்தின் மூலையில் கிடந்ததை நகைக்கடைக்காரர்களும் அவர்களுடைய விளம்பரக்காரர்களும் தூசி தட்டி எடுத்து முழுப் பக்கத்தில் போட்டார்கள். இன்றைக்கு வட்டிக்கு வாங்கியாவது குண்டுமணித் தங்கம் வாங்காவிட்டால் லட்சுமி கோபித்துக்கொள்ளுவாள் என்று நம் பெண்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். புரோகிதன் நூறு வருஷத்தில் செய்ய முடியாததை விளம்பரக்காரன் இருபது வருஷத்தில் செய்துவிட்டான். பார்ப்பனனாவது தட்சணை வாங்கிக்கொண்டு போனான். இவன் மாதத் தவணையும் அல்லவா கட்டச் சொல்லுகிறான்!

கறுப்பைப் பற்றிய விளம்பரமும் இந்த வகைதான். ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளையும் கிடைக்காது, உத்தியோகமும் கிடைக்காது என்பதே நெடுநாள் அதன் விளம்பரத்தின் சாரம். பிறகு 2020-இல் பெயரை மாத்திரம் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். இந்த வெயிலில் உழைத்துக் கறுத்த ஜனங்களிடம், உன் தோலே உனக்குக் குற்றம் என்று சொல்லிக் காசு வாங்குவதற்கும், உன் பிறவியே உனக்குக் குற்றம் என்று சொல்லித் தட்சணை வாங்குவதற்கும் என்ன வித்தியாசம்?

நம்முடைய சொற்களையே திருடுவதும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிப் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அதே வருஷம் மார்ச்சில் நியூயார்க் நகரத்து ஈஸ்டர் ஊர்வலத்தில், எட்வர்ட் பெர்னேய்ஸ் என்ற விளம்பர நிபுணர் சில பெண்களைச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடக்கச் செய்து, அதற்குச் 'சுதந்திர தீபங்கள்' என்று பெயர் கொடுத்தார். கூலி கொடுத்தது புகையிலைக் கம்பெனி. இரண்டு இடத்திலும் பேச்சு பெண் விடுதலைதான். ஒன்றில் பெண்ணுக்குச் சொத்து, மற்றொன்றில் பெண்ணுக்கு இருமல்.

சரி, கடைசி நாற்காலிக்காரன் இதற்கெல்லாம் என்ன செய்ய முடியும்? முதல் வருஷத்திலேயே ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று மாட்டேன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே, சோறு யார் போடுவது என்று கேட்பது நியாயம். நாமும் வீரப்பிரதாபம் பேசிப் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. நுரை பொங்குகிறது, வாசனை வீசுகிறது, உலகத்திலேயே இதுதான் ருசி என்று எழுதினால் உலகம் முழுகிவிடாது; எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகட்டும். பணத்துக்கு நஷ்டம் வரும்படியான வாசகமானால், அதை மாற்றுவதற்கு யுக்தி செய்யட்டும். தங்கத்துக்கு எழுதச் சொன்னால் லட்சுமியை விட்டுவிட்டு, விலை, எடை, செய்கூலி, ஹால்மார்க் முத்திரை, நகை ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆறெழுத்து அடையாள எண் இவைகளை எழுதட்டும். வாங்குகிறவளுக்கு அதுதான் வேண்டியது. 2023 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் விற்கவே கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. உடம்புக்கும் உயிருக்கும் கேடு வரும் வாசகமானால், அதை மாத்திரம் எழுதக் கூடாது. சம்பளம் போனாலும் எழுதக் கூடாது.

மாட்டேன் என்று சொல்லுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. சண்டை போட வேண்டாம். "இந்த வாசகத்துக்கு ஆதாரம் என்ன? பரிசோதனை செய்த காகிதத்தை அனுப்புங்கள்" என்று எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். விளம்பரக்காரர்களே 1985-இல் ஏற்படுத்திக்கொண்ட தரக் கவுன்சிலின் விதியும் அதுதான்: சொல்லுகிறவன் நிரூபிக்க வேண்டும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்குப் பத்து லக்ஷம் வரை அபராதம் வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் முதலாளிக்குத் திடீரென்று பகுத்தறிவு வந்துவிடும். 'ஆதாரம் என்ன' என்ற ஒரு கேள்வியைத்தானே நாம் மேடை மேடையாக வேதத்தைப் பார்த்தும் புராணத்தைப் பார்த்தும் கேட்டுக்கொண்டு வருகிறோம்? அதே கேள்வியைப் பையன் எண்ணெய்ச் சீசாவைப் பார்த்தும் கேட்கட்டும்.

இனி, இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷில் பேசுகிறவர்களும், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களும் உட்கார்ந்திருக்கிற இடம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டாக்டர், வக்கீல் உத்தியோகத்தைப் போலப் பட்டத்தைப் பார்த்து மாத்திரம் அங்கே எடுப்பதில்லை. நீ செய்ததைக் காட்டு என்கிறார்கள். அதற்குப் 'போர்ட்ஃபோலியோ' என்று பெயர். யாரும் கூலி கொடுக்காமலே, தானாகப் பத்து விளம்பரம் எழுதிப் படம் போட்டு ஒரு கட்டாகக் கொண்டுபோகலாம். குலமும் கோத்திரமும் அந்தக் கட்டில் இல்லை. நம்மைப் போலப் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல் வாசகசாலையில் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல்!

அந்தப் பத்துக்குச் சரக்குத் தேடிப் பட்டணம் போக வேண்டாம். புளியங்குடி எலுமிச்சை இருக்கிறது, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது. செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் பிரானூரில் 'பார்டர்' புரோட்டாக் கடைகள் இருக்கின்றன. திருவிதாங்கூர் எல்லை அங்கே இருந்ததனால் வந்த பெயர். 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை நம்மோடு சேர்ந்து எல்லை மறைந்துபோயிற்று, பெயர் மறையவில்லை. சாமி பெயரில்லை, மூலிகையில்லை, ஜாதகமில்லை. புரோட்டா ருசி, அவ்வளவுதான். தின்றவன் தின்னாதவனிடம் சொன்னான். உண்மையான ஒரு பெயர் எப்படி நிற்கிறது என்று அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். வயிறும் நிறையும்.

ஒன்று மாத்திரம் அவசியம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, குளிக்க வந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துக்கொண்டுபோகப்பட்டு இறந்துபோனான். மலைமேல் மழை பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. அருவி நீர் கலங்கினால், சத்தம் மாறினால், கல்லும் சருகும் சேர்ந்து விழுந்தால், உடனே விலகி மேட்டுக்கு ஏற வேண்டும். இந்தச் சங்கதியைக் குற்றாலத்துக்கு வருகிற ஒவ்வொருவர் மனத்திலும் பதியும்படி ஒரு விளம்பரமாகச் செய்து பார்க்கட்டும். மூலிகைக் கதையை நம்ப வைக்கிற அளவுக்கு இதையும் நம்ப வைக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை. வாசகம் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். குளிக்க நிற்கிறவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கரையில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டுத்தான் நிற்பான்.